முதல் சூட்டில் ஒரு கிராக், மறுநாள் காலையில் ஒரு கிராக்

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரு சிறிய பல் லேபில் செராமிக் பில்டப் வேலை (செயற்கைப் பல்லின் அடிச் சட்டத்தின் மேல் செராமிக் பவுடரைக் குழைத்து வைத்துச் சுடுவது) பார்க்கிறேன். உலோகச் சட்டத்தின் மேல் வைக்கும் மெட்டல் செராமிக்கில் பழகிய கை. இப்போது வருகிற வேலையில் பாதிக்கு மேல், உலோகத்துக்குப் பதில் ஜிர்கோனியா என்ற வெள்ளைச் செராமிக் சட்டம். மூன்று யூனிட், நான்கு யூனிட் பிரிட்ஜ்களில் (மூன்று நான்கு பற்கள் ஒன்றாக இணைந்த பீஸ்களில்) அடிக்கடி கிராக் விழுகிறது. சிலவற்றில் பல்லின் உள்நிறப் பவுடரைச் சுடும் முதல் டென்டின் சூட்டிலேயே, இல்லாத பல்லுக்குப் பதிலாக நடுவில் நிற்கும் பான்டிக்கை ஒட்டிப் பிளந்துவிடுகிறது. சில, பளபளப்புக்கான கடைசி கிளேஸ் சூடு முடிந்து அழகாக வெளியே வருகின்றன. மறுநாள் காலை பேக் செய்ய எடுத்தால் மயிரிழை போல ஒரு கோடு. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு பர்னஸில் (சுடும் அடுப்பில்) கோளாறு இல்லை என்கிறார். பவுடர் பிராண்டை மாற்றிப் பார்த்தேன். வெப்பநிலையை 10 டிகிரி கூட்டியும் பார்த்தேன், நிற்கவில்லை. கிராக் விழுந்த இடத்தில் பவுடர் நிரப்பி மறுபடி சுட்டால் போதுமா? டாக்டர் லேபைக் குறை சொல்கிறார், முதலாளி என்னைக் குறை சொல்கிறார்.

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் கிராக் என்று ஒரே பெயரில் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே மருந்தாக வெப்பநிலையைக் கூட்டியிருக்கிறீர்கள். அந்த 10 டிகிரியை முதலில் பழையபடி இறக்கிவிடுங்கள். தேவைக்கு மேல் சுட்டால் முனைகள் மழுங்கும், எனாமல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், ஷேடு மாறும். கிராக் மட்டும் போகாது.

அடுத்த முறை கிராக் விழுந்த பீஸைத் தூக்கி எறியாதீர்கள், உடனே தேய்க்கும் டிஸ்க்கையும் எடுக்காதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் அந்தக் கோட்டின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். ஓரங்கள் உருண்டு, உதடு மாதிரி மழுங்கி, நடுவில் பள்ளம் தெரிந்தால் அது வெப்பம் ஏறும்போதே விழுந்த பிளவு. பிளந்த பிறகு உச்ச வெப்பநிலைக்குப் போனதால் செராமிக் இளகி, ஓரங்கள் உருண்டுவிட்டன. ஓரங்கள் கூர்மையாக, பள்ளமே இல்லாமல், விளக்கைத் திருப்பினால் மட்டும் மின்னி மறையும் கோடாக இருந்தால் அது ஆறும்போதோ ஆறிய பிறகோ விழுந்தது. கோடு கண்ணில் சிக்கவில்லையா? மெல்லிய மார்க்கர் மையைத் தடவி உடனே துடையுங்கள், விரிசலுக்குள் போன மை அங்கேயே நிற்கும். பின்னால் இருந்து லைட் அடித்தாலும் தெரியும். விரிசலைத் தாண்டி வெளிச்சம் போகாது, ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பான்டிக்கை ஒட்டி விழுவது முதல் வகை. காலையில் கண்ணில் படுவது இரண்டாவது வகை.

முதல் வகையின் காரணம் எளிது. பில்டப் செய்த பவுடர் சுடும்போது கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்குகிறது. சுருக்கம் எப்போதும் கனமான பகுதியை நோக்கி ஓடும். பிரிட்ஜில் பவுடர் அதிகம் சேரும் இடம் பான்டிக். அது தன் பக்கம் இழுக்கும், பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு பக்கத்து அபட்மென்ட் பற்களும் தங்கள் பக்கம் இழுக்கும். பற்களை இணைக்கும், நடுவில் மெல்லிசாக இருக்கும் கனெக்டர் பகுதி கிழிகிறது. வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு பாளம் பாளமாகப் பிரிவதும் இதே கணக்குதான். எங்கே பிளப்பது என்பதைப் பவுடரின் விருப்பத்துக்கு விடாமல் நீங்களே முன்கூட்டி முடிவு செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பில்டப் முடித்ததும் டிஷ்யூவால் ஈரத்தை உறிஞ்சி, பவுடர் கெட்டியாக நிற்கும் நிலையில், மெல்லிய பிளேடை லேசாக நனைத்து ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் வெட்டுங்கள். மேலாகக் கீறினால் போதாது. பிளேடு பிரேம்வொர்க்கில் (அடிச் சட்டத்தில்) தட்டுவது கையில் தெரிய வேண்டும். பான்டிக்கின் இரண்டு பக்கமும் அப்படி வெட்டிய பிறகு, பின்பற்களாக இருந்தால் கடிக்கும் பரப்பின் மையப் பள்ளத்திலும் முன்னிருந்து பின்னாக ஒரு வெட்டு போடலாம். சூட்டில் ஒவ்வொரு பல்லும் தன் மையத்தை நோக்கித் தனியாகச் சுருங்கும், வெட்டு அகலமாகும். இரண்டாவது சூட்டுக்கு முன் அந்த இடைவெளியை நிரப்புங்கள். நிரப்புவது கொஞ்சம் என்பதால் சுருக்கமும் கொஞ்சம்தான். மேலே மூடிவிட்டு அடியில் காற்றைச் சிறை வைக்காதீர்கள். பவுடர் அடிவரை இறங்கும்படி லேசாக அதிர வைத்து, ஈரத்தை உறிஞ்சி, மறுபடி அதிர வையுங்கள். ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் ஈரமாகவும் இருக்கும் பில்டப் மேல் புதுப் பவுடரை வைத்தால், அந்த இணைப்பு பிறகு ஏடு ஏடாகப் பிரியும். வேலை நடுவில் போன் வந்தால், திரும்பி வந்ததும் முதலில் ஈரத்தைப் பாருங்கள்.

இதோடு சேர்ந்தது உலர்த்தல். மேற்பரப்பு சாக்பீஸ் மாதிரி வெளுத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். வெளுப்பது மேல்தோல் மட்டும், பான்டிக்கின் வயிற்றில் தண்ணீர் இருக்கும். பர்னஸின் சூடேறும் அறையான மஃபிளுக்குள் போனதும் அது நீராவியாகி வழி தேடும். டிரேயில் பொடிப்பொடியாகச் சில்லுகள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், ஆவிதான். ஒற்றைக் கிரவுனுக்கு (ஒரு பல்லுக்கான உறைக்கு) ப்ரீ-டிரை, அதாவது சூட்டுக்கு முந்தைய உலர்த்தல், 5 முதல் 8 நிமிடம் என்றால், மூன்று நான்கு யூனிட்டுக்கு அதைவிடக் கூட்டியே ஆக வேண்டும். டிரே மேலே ஏறுவதும் படிப்படியாக இருக்கட்டும். வெப்பம் ஏறும் வேகத்தையும் கவனியுங்கள். ஒற்றைக்கு நிமிடத்துக்கு 45 டிகிரி, 55 டிகிரி என்று ஓடும் புரோகிராமை நீளமான ஜிர்கோனியா பிரிட்ஜுக்கு அப்படியே போடக் கூடாது. 25, 30 என்று குறைத்தால் பிரேம்வொர்க்கும் பவுடரும் சேர்ந்து சூடேறும். பவுடர் கம்பனி தரும் அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கிரவுனுக்கான எண்கள். பிரிட்ஜுக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் கிடக்கும். அந்த அடிக்குறிப்பைப் படிக்காமல் பவுடரை மாற்றுவது வீண் செலவு.

வேக்யூம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது கெட்டால் குமிழியும் மங்கலும் வரும். கிராக்குக்கு அதைத் தேட வேண்டாம்.

இனி, மறுநாள் காலையில் தெரியும் கோடு. எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் இது மறுநாளுக்குப் பதில் மறுவருடம், நோயாளியின் வாயில் விழலாம்.

செராமிக் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் அடியில் இருக்கும் பிரேம்வொர்க் ஆறும்போது மேலே இருக்கும் செராமிக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்க வேண்டும். அது சுருங்கும்போது மேல் அடுக்கை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சுருக்கத்தைத்தான் டப்பாவில் சி.டி.இ. (வெப்ப விரிவு எண்) என்று போடுகிறார்கள். நிக்கல்-குரோம், கோபால்ட்-குரோம் உலோகங்களுக்கு அந்த எண் சுமார் 14, அவற்றின் மேல் வைக்கும் பவுடருக்கு 13ஐ ஒட்டி. ஜிர்கோனியாவுக்குச் சுமார் 10.5, அதன் பவுடருக்கு 9-க்கும் 10-க்கும் இடையில். மெட்டல் பவுடர் ஜிர்கோனியாவில் ஏறிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்: மேல் அடுக்கு அதிகமாகச் சுருங்க முயலும், அடியில் இருப்பது விடாது, செராமிக் இழுவையில் மாட்டி வலை வலையாக வெடிக்கும். யாரும் தெரிந்து இதைச் செய்வதில்லை. ஆனால் இரண்டு வேலையும் ஒரே மேசையில் நடக்கும் லேபில் மிச்சப் பவுடரைத் தவறான டப்பாவில் கொட்டுவது, ஒரே கண்ணாடித் தட்டு, ஒரே பிரஷ், மெட்டல் செராமிக்கின் கிளேஸைப் பூசிவிடுவது எல்லாம் நடக்கிறது. நீங்கள் பவுடர் பிராண்டை வேறு மாற்றியிருக்கிறீர்கள். பழைய பிராண்டின் மார்ஜின் (ஓரப்) பவுடரோ ஸ்டெயின் என்ற நிறப்பூச்சோ இன்னும் மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிர்கோனியாவுக்குத் தட்டு, பிரஷ், தண்ணீர்க் கிண்ணம் மூன்றையும் தனியாக வைத்துவிடுங்கள்.

எண்கள் பொருந்தினாலும் கிராக் வருகிறது என்றால் ஆறும் விதத்தைச் சந்தேகப்பட வேண்டும். மெட்டலில் பழகிய கை என்று எழுதியிருக்கிறீர்கள், குறி அங்கேதான் இருக்கிறது. மெட்டல் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். பர்னஸ் திறந்து, டிரே இறங்கி, உடனே வெளியே எடுத்தாலும் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒன்றாக ஆறும். ஜிர்கோனியா வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். வெளித்தோல் இறுகிவிட்ட பிறகும் பிரேம்வொர்க்கை ஒட்டிய செராமிக் இளகிய நிலையில் இருக்கும். பிறகு அது ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிய தோல் விட்டுக்கொடுக்காது. அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே எடுக்கும்போது பீஸ் அழகாகத்தான் இருக்கும். காற்றில் உள்ள ஈரம், கழுவிய தண்ணீர், ஸ்டீம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்விரிசலின் நுனியில் போய் கண்ணாடியின் பிணைப்பை மெல்ல அறுக்கும். இரவெல்லாம் விரிசல் ஊர்ந்து, காலையில் உங்கள் கண்ணில் படுகிறது.

ஆகவே ஜிர்கோனியாவில் கிளேஸ் சூட்டை மெதுவாக ஆற விடுங்கள். பவுடர் முழுக்க இறுகும் வெப்பநிலை பொதுவாக 500-லிருந்து 600 டிகிரிக்குள் இருக்கும். அதற்குக் கீழே போகும்வரை மஃபிளை மூடியே வையுங்கள், அல்லது பர்னஸில் ஸ்லோ கூலிங் இருந்தால் அதைப் போடுங்கள். எல்லாச் சூட்டிலும் செய்தால் கெடுதல் இல்லை. ஆனால் கடைசிச் சூட்டில் கட்டாயம், ஏனென்றால் முந்தைய சூடுகளில் தங்கிய இழுவை ஒவ்வொரு முறை இளகும்போதும் அழிந்துவிடுகிறது. கடைசியில் தங்குவதுதான் வாய்க்குள் போகிறது. ஒரு நாளில் நாலைந்து சுடும் சைக்கிள் குறையும் என்று முதலாளி முணுமுணுப்பார். கெட்டதை மறுபடி செய்யும் ரீமேக் எத்தனை சைக்கிளைத் தின்கிறது என்று கேளுங்கள்.

டிரே வெளியே வந்த பிறகும் பொறுமை வேண்டும். சூடான பீஸை இடுக்கியால் தூக்கி இரும்பு மேசையில் வைப்பது, மின்விசிறிக் காற்றில் வைப்பது, கை பொறுக்கும் சூடு வருமுன் ஸ்டீம் அடிப்பது எல்லாமே வேண்டாம். டிரேயிலேயே அறை வெப்பநிலைக்கு வரட்டும். டிரேயில் நிற்கும் விதமும் முக்கியம். பீஸைத் தாங்கும் ஊசி (பின்), கோப்பிங் எனப்படும் தொப்பி போன்ற சட்டத்துக்குள் இறுக்கமாக மாட்டியிருந்தால் சூட்டில் அது விரிந்து உள்ளிருந்து தள்ளும். ஊசி தளர்வாக இருக்கட்டும், நுனி மழுங்கியிருக்கட்டும். பிரிட்ஜை இரண்டு முனையிலும் தாங்க வேண்டும், ஆடக் கூடாது.

பில்டப் செய்யும் நம்மை விட்டு, கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர் பக்கமும் போக வேண்டியிருக்கிறது. பல இடங்களில் கோப்பிங் என்றால் சுற்றிலும் 0.5 மி.மீ. சீரான தடிமனில் ஒரு தொப்பி போட்டுவிட்டு, மீதி உயரத்தைச் செராமிக்கால் நிரப்பு என்று அனுப்பிவிடுகிறார்கள். கடைவாய்ப் பல்லின் கஸ்ப் (மேட்டு) நுனியில் செராமிக் 3 மி.மீ. தடிமனில் தனியாக நிற்கும். ஆதரவில்லாத செராமிக் சூட்டில் அதிகம் சுருங்கும், ஆறும்போது உள்ளே அதிக இழுவையைத் தேக்கும், கடிக்கும்போது முதலில் உடையும். பல்லின் வடிவத்தை அப்படியே போட்டு, அதிலிருந்து சீராகக் குறைத்து பிரேம்வொர்க் செய்தால், மேலே வரும் செராமிக் எங்கும் 1 முதல் 1.5 மி.மீ., அதிகபட்சம் 2 மி.மீ. என்று ஒரே கனத்தில் நிற்கும். உங்கள் பிரிட்ஜ்களில் கிராக் விழுந்தவை எல்லாம் எந்தப் பல்லில், அங்கே செராமிக் எத்தனை மி.மீ. என்று தடிமன் அளவியால் அளந்து பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் நான் பர்னஸ் பக்கமே போகமாட்டேன், நேராக டிசைனைப் பார்ப்பேன்.

பில்டப்புக்கு முன் பிரேம்வொர்க்கின் பின்னால் ஒரு முறை லைட் அடித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஈரமான கலரிங் லிக்விட் சரியாகக் காயாமல், ஜிர்கோனியாவைச் சுட்டு இறுக்கும் சின்டரிங் பர்னஸுக்குப் போனதாலோ, சின்டர் ஆகுமுன் பிடித்திருக்கும் காம்பான ஸ்ப்ரூவை வெட்டும்போது அதிர்ந்ததாலோ கனெக்டரில் முன்பே விரிசல் இருக்கலாம். அதன் மேல் எந்தப் பவுடரும் நிற்காது. சின்டர் ஆன ஜிர்கோனியாவைத் தேய்க்க நேர்ந்தால் மெல்லிய டைமண்ட், தண்ணீர், குறைந்த அழுத்தம். தண்ணீர் இல்லாமல் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பின் படிக அமைப்பு மாறி, அந்த இடத்தின் விரிவு எண்ணே வேறாகிவிடும்.

மெட்டல் செராமிக்கையும் விட்டுவிடவில்லை என்று தெரிகிறது, அதற்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பவுடர்களில் லூசைட் என்ற படிகம் இருக்கிறது, விரிவு எண்ணைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். திரும்பத் திரும்பச் சுட்டாலோ ரொம்ப மெதுவாக ஆற விட்டாலோ லூசைட் கூடும், எண்ணும் கூடும். ஜிர்கோனியாவுக்கு நான் சொன்ன மெதுவான ஆறுதலை மெட்டலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். உலோகத்தின் எண் மிக உயரமாக இருக்கும்போதுதான் பவுடர் கம்பனிகள் அங்கே மெதுவான ஆறுதலைக் கேட்கின்றன. இரண்டுக்கும் பர்னஸில் தனித்தனிப் புரோகிராம், தனிப் பெயர்.

பர்னஸில் கோளாறு இல்லை என்று சர்வீஸ் ஆள் எதை வைத்துச் சொன்னார்? திரையில் தெரியும் எண்ணைப் பார்த்தா? மஃபிள் பழசாகப் பழசாகத் திரையும் உள்ளிருக்கும் வெப்பமும் விலகிப்போகும். வெள்ளிக் கம்பி வைத்துச் சோதிக்கும் கிட் இருக்கிறது. வெள்ளி 962 டிகிரியில் உருகும். 962-க்குச் சற்றுக் கீழே வைத்த புரோகிராமில் கம்பி அப்படியே நிற்க வேண்டும், சற்று மேலே வைத்தால் உருண்டுவிட வேண்டும். விலகல் தெரிந்தால் அளவைச் சரிசெய்யும் காலிபரேஷன். அதை நீங்களே செய்யலாம்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. ஓரம் உருண்ட பிளவு என்றால் நிரப்பிச் சுடலாம். ஆனால் அப்படியே மேலே பவுடரை அப்பாதீர்கள். மெல்லிய டைமண்ட் டிஸ்க்கால் பிளவை அடிவரை திறந்து, அல்ட்ராசானிக்கில் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு நிரப்புங்கள். ஓரம் கூர்மையான கோடு என்றால் நிரப்புவதில் பயன் இல்லை. சூட்டில் அது மூடிக்கொண்ட மாதிரி தெரியும். காரணம் அப்படியே இருப்பதால் திரும்ப வரும். செராமிக்கை எடுத்துவிட்டு மறுபடி பில்டப் செய்வதுதான் வழி. கோட்டின் மேல் ஸ்டெயின் பூசி அனுப்புவதைச் சில இடங்களில் திறமை என்று நினைக்கிறார்கள். அது நோயாளியை ஏமாற்றுவது.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பவுடரையும் வெப்பநிலையையும் சேர்த்து மாற்றியதால்தான் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. வீணான ஜிர்கோனியா கோப்பிங் இரண்டு இருந்தால், இரண்டிலும் ஒரே மாதிரி பில்டப் செய்து ஒன்றைப் பழையபடியும் ஒன்றை மெதுவாகவும் ஆற விட்டு, இரண்டையும் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மை தடவிப் பாருங்கள். முதலாளியிடம் காட்டவும் அது கையில் இருக்கும்.

டாக்டரிடம் பேச வேண்டியது கிராக்கைப் பற்றி அல்ல, இடத்தைப் பற்றி. பிரேம்வொர்க்குக்கும் செராமிக்குக்கும் சேர்த்துப் போதிய இடைவெளி இல்லாமல் பல் தேய்க்கப்பட்டிருந்தால், நீங்கள் எவ்வளவு மெதுவாக ஆற விட்டாலும் ஏதாவது ஓரிடத்தில் பிரேம்வொர்க்கோ செராமிக்கோ மெலிந்துபோகும். அப்படி இடம் குறைந்த கடைவாய்ப் பற்களில் மேலே செராமிக் அடுக்கே இல்லாத முழு ஜிர்கோனியாவாகச் செய்து, ஸ்டெயின் கிளேஸோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று, இம்ப்ரெஷன் (பல் அச்சு) வந்த அன்றே, டிசைன் போடுமுன் போன் செய்து கேளுங்கள்.